பெயர் வரவேண்டிய இடம்

எழுதத் தொடங்குவதற்கு முன் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுத்தாளர் இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுவிட்டது. அதிலும் கட்டுரை எழுதச் சொன்னால் பக்கத்தை நிரப்ப முடியாமல் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் பேசச் சொன்னால், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழும்பிப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன். போர்க்காலத்துக் கொழும்பைப் பற்றி எழுதுவதற்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் பட்டதில் ஒரு துளிகூட நான் படவில்லை. எனக்குத் தெரிந்தது வெள்ளவத்தையில் ஒரு மாடியும் அதில் இருந்த ஒரு கொம்பியூட்டரும் அதைக்கொண்டு நாங்கள் அடித்த கடிதங்களும்தான். அதில் பெருமைப்படும்படி எனக்கு ஒரு நாள் கிடைத்தது. அந்த நாளைப் பற்றி எழுதுகிறேன். பெருமை என்ற சொல்லை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் அலுவலகம் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், தையல்கடைக்கு மேலே இருந்தது. இரண்டே அறைகள். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கொழும்புக்கு வருகிறவர்களுக்கு உதவி செய்யும் சிறிய சங்கம் அது. ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், பாஸ்போர்ட் எடுக்க வருவார்கள், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் அழைப்புக்காகக் காத்திருப்பார்கள். எல்லாரும் வெள்ளவத்தை லொட்ஜுகளில் தங்குவார்கள். அப்படித் தங்குகிறவர்கள் பொலிஸில் பதிய வேண்டும். எதற்காக வந்தோம், எத்தனை நாள் இருப்போம் என்று சொல்ல வேண்டும். அந்த நாட்கள் முடிந்தால் நீடிப்புக் கேட்க வேண்டும். கேட்கும்போது, இவர் சொல்வது உண்மை என்று யாராவது பொறுப்பானவர்கள் கடிதம் கொடுத்தால் நல்லது. அந்தக் கடிதத்தைக் கொடுத்தவர்கள் நாங்கள்.

நாங்கள் என்றால் மூன்று பேர். சங்கத்தை நடத்தியவர் வங்கியில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாருக்கும் அவர் சேர்தான். சிங்களக் கடிதங்களை அடித்தது கிருலப்பனையிலிருந்து வரும் ஒரு சிங்கள அக்கா. பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழும் பேசுவார். என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்பார். மூன்றாவது ஆள் நான், கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். அதற்கு முன் கொழும்புக் கோட்டையில் ஒரு கம்பனியில் ஆங்கில டைப்பிஸ்டாக இருந்தேன். கம்பனியை மூடிவிட்டார்கள். சேர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "பிள்ளை, பிழையில்லாமல் அடிப்பீரோ?" நான் தலையாட்டினேன். நேர்முகப் பரீட்சை அதோடு முடிந்தது.

பிழையில்லாமல் அடிப்பது அங்கே பெரிய விஷயம். ஓர் எழுத்துப் பிழைத்தால் வெள்ளை மை பூசித் திருத்தக் கூடாது. வெள்ளை மையைக் கண்டால் பொலிஸில் கடிதத்தை எடுக்கமாட்டார்கள். அடையாள அட்டை எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் தாளைக் கிழித்துப்போட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும். கடிதம் என்னவோ ஒரே கடிதம்தான். 'இத்தால் உறுதிப்படுத்துவது யாதெனில்' என்று தொடங்கி, பெயர், எண், லொட்ஜ் விலாசம், வந்த காரணம், திகதி. மற்ற வரிகள் எல்லாம் எல்லாருக்கும் ஒன்றே. அதே வரிகளை ஒவ்வொருவருக்கும் அக்கா சிங்களத்திலும் நான் ஆங்கிலத்திலும் அடித்தோம். கனவிலும் அந்த வரிகள் வரும்.

பிறகு ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் தாங்கள் பாவித்த பழைய கொம்பியூட்டர் ஒன்றையும் பிரிண்டரையும் தந்தது. கீழே தையல்கடைக்காரர் மிச்சத் துணியில் அதற்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தார். நீலத்தில் மஞ்சள் பூப்போட்ட உறை. பல வாரங்கள் அந்த உறையைக் கழற்ற ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

"இதை ஆர் பழகப்போறீங்கள்?" என்று சேர் ஒருநாள் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று யோசித்தேன்.

"நங்கிக்குத்தான் விரல் வேகம்," என்றார் அக்கா. "எனக்குப் பேரப்பிள்ளை வரப்போற வயசு."

அப்படித்தான் காலி வீதியில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். மற்றவர்கள் எல்லாம் விசாவுக்குக் காத்திருந்த இளம்பிள்ளைகள். முதல் நாள் நான் உள்ளே போனபோது, ஆசிரியை வந்துவிட்டார் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பாடங்களும் பெரிதாக விளங்கவில்லை. ஆனால் ஒருநாள் ஆசிரியை மெயில் மேர்ஜ் என்று ஒன்றைக் காட்டினார். கலியாண அழைப்பை ஒரு தரம் அடிக்க வேண்டும். விருந்தினர் பெயர்களையும் விலாசங்களையும் வேறாக ஓர் அட்டவணையில் அடிக்க வேண்டும். அழைப்பில் பெயர் வரவேண்டிய இடத்தில் பெயருக்குப் பதிலாக ஓர் அடையாளம் வைத்தால், கொம்பியூட்டர் அட்டவணையில் இருந்து ஒவ்வொரு பெயராக எடுத்து அந்த இடத்தில் வைத்து, ஆளுக்கொரு அழைப்பாகத் தரும். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன். அந்தப் பாடத்தை நான் பல வருடங்களாகக் கையால் செய்துகொண்டிருந்தேன் அல்லவா?

அன்றே அந்த மாதிரி அழைப்பையும் அட்டவணையையும் ஒரு டிஸ்க்கில் ஏற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் என் பையிலிருந்த டிஸ்க்கைத் தூக்கிக் காட்டி என்ன இது என்று கேட்டான். "லியும்," கடிதங்கள் என்றேன். அவன் அதை வெளிச்சத்தில் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

அக்கா சிங்களக் கடிதத்தை ஒரு தரம் கொம்பியூட்டரில் அடித்துத் தந்தார். நான் ஆங்கிலத்தில் அடித்து அதன் கீழே வைத்தேன். பெயரும் எண்ணும் இரண்டிலும் ஆங்கில எழுத்தில் வரும்படி செய்தேன். சேருடைய பதிவுப் புத்தகத்தைப் பார்த்து அட்டவணையை நிரப்பினேன். முதன்முதலாக பிரிண்டர் ஒன்றன்பின் ஒன்றாகக் கடிதங்களைத் துப்பியபோது மூன்று பேரும் நின்று பார்த்தோம்.

"பிள்ளை," என்றார் சேர், "இது களவெடுக்கிற மாதிரி எல்லோ இருக்கு."

"மெஷின் வேலை செய்யுது, நாங்க தேத்தண்ணி குடிக்கிறோம்," என்றார் அக்கா. "மாசக் கடைசியில சம்பளம் மெஷினுக்கா, எங்களுக்கா சேர்?"

பிழைகளும் நடந்தன. ஒருமுறை அட்டவணையில் காரணம் எழுதும் நிரல் மட்டும் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. தலை முழுதும் நரைத்த ஓர் ஐயா மூச்சு வாங்க மாடியேறி வந்து கடிதத்தை என் மேசையில் வைத்தார். "மிஸ், நான் கொழும்புக்கு வந்தது பிரசவத்துக்காம். பொலிஸ்காரன் என்ர வயித்தைப் பார்க்கிறான்." அக்கா சிரித்த சிரிப்பில் கீழே தையல் மெஷின்கள் நின்றுவிட்டன. ஐயாவும் சிரித்தார். அன்றிலிருந்து பிரிண்ட் பண்ணுவதற்கு முன் முதல் கடிதத்தையும் கடைசிக் கடிதத்தையும் வாசித்துப் பார்ப்பது என் வழக்கமாயிற்று.

அந்தக் காலத்தில்தான் அந்தத் தாயும் மகளும் எங்களிடம் வரத் தொடங்கினார்கள். தாய் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு பாடசாலைக்கு முன்னால் சிறு கடை வைத்திருந்தவர். கணவர் மற்றப் பிள்ளைகளோடு அங்கேயே நின்றுவிட்டார். இவர் மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு, கால்நடையாகவும் டிராக்டரிலும் பஸ்ஸிலுமாகக் கொழும்புக்கு வந்திருந்தார். மகளுக்கு இருதயத்தில் துவாரம். மாடிப்படி ஏறினால் உதடு நீலமாகிவிடும். அதனால் தாய் அவளைத் தூக்கிக்கொண்டுதான் ஏறுவார். ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கு ஒருமுறை திகதி கொடுத்துத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். இரண்டாவது திகதி கிடைத்திருந்தது. இதைத் தவறவிட்டால் மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும், அவ்வளவு காலம் பிள்ளை தாங்குமோ தெரியாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

மகள் வாயாடி. என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு திரையைப் பார்ப்பாள்.

"இதுக்குள்ள என்ர பேரும் இருக்கோ மிஸ்?"

நான் காட்டினேன். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப நான் உங்கட கொம்பியூட்டருக்க இருக்கிறன். என்னை அழிச்சுப் போடாதேங்கோ."

"வாயை மூடு," என்றார் தாய். "மிஸ்ஸுக்கு வேலை இருக்கு."

அந்த மாதம் நகரத்தில் குண்டு வெடித்தது. உடனே பழைய நீடிப்புகள் எல்லாம் செல்லாது, லொட்ஜில் இருப்பவர்கள் எல்லாரும் புதிதாகக் கடிதம் கொண்டுவந்து பதிய வேண்டும் என்று பொலிஸில் சொல்லிவிட்டார்கள். பதியாதவர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்கே வவுனியாவுக்கு அனுப்புவார்கள் என்று கதை அடிபட்டது. கதை மட்டுமல்ல, எதிர் ஒழுங்கை லொட்ஜிலிருந்து சிலரை ஏற்றியும் விட்டார்கள். எங்களுக்குக் கிடைத்த கடைசி நாள், அந்த மகளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நாளுக்கு முதல் நாள்.

முன்பென்றால் எங்களால் முடிந்திருக்காது. மெயில் மேர்ஜ் இருந்ததால் எல்லாருக்கும் கடிதங்கள் முதல் நாளே தயாராகிவிட்டன. சேர் ஒவ்வொன்றிலும் கையெழுத்து வைத்தார். கடைசி நாள் காலையில் அவரும் அக்காவும் கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போனார்கள். நான் கொம்பியூட்டரின் உறையை உதறி மடித்து வைத்துவிட்டு, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானத்துக்கு முன்னமே இருவரும் திரும்பி வந்தார்கள். சேருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கடிதக் கட்டில் பாதி அப்படியே கையில் இருந்தது.

"ஆம்பிளையளின்ர எல்லாம் எடுத்திட்டினம்," என்றார். "பொம்பிளையளின்ர ஒண்டும் எடுக்கேல்லை."

எனக்கு விளங்கவில்லை. அக்காதான் விளக்கினார்.

"இன்ஸ்பெக்டர் முதல் லெட்டரைப் பார்த்தார் நங்கி. 'மே லியும மஹத்தயாகெத?' எண்டு கேட்டார். இது ஐயாட லெட்டரா எண்டு. இல்ல, நோனாட, ஒரு அம்மாட எண்டன். 'அப்ப நோனாட பேர் எங்க? இந்த மஹத்தயா எங்க ஒளிஞ்சிருக்கார்?' எண்டு கேக்கிறார். அடுத்ததைப் பார்த்தார். அதுவும் ஐயா பேர். அதுக்கு அடுத்ததும் ஐயா பேர். 'லொட்ஜில பதியாம இவ்வளவு ஆம்பிளையா?' எண்டு கத்தத் தொடங்கிட்டார்."

நான் ஒரு கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். 'திருமதி' என்று இருந்தது, அதன் பின் கணவரின் பெயர். அடுத்ததிலும் அப்படித்தான். எங்கள் பதிவுப் புத்தகத்தில் கலியாணம் முடித்த பெண்களை அப்படித்தான் எழுதியிருந்தோம். அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். தட்டெழுத்தில் அடித்த காலத்தில் ஆள் முன்னால் நிற்பார், அடையாள அட்டை மேசையில் இருக்கும், அக்கா அட்டையைப் பார்த்து அதிலிருந்த பெயரை அடிப்பார். கொம்பியூட்டர் அட்டையைப் பார்க்கவில்லை, புத்தகத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டது. குண்டு வெடிக்கும் வரை பொலிஸிலும் யாரும் அதை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அத்தனை பெண்களின் கடிதங்களிலும் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை.

"மரியாதைக்குத்தானே அப்பிடி எழுதினது," என்றார் சேர். கதிரையில் அமர்ந்து தாள்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பாங்கிலயும் அப்பிடித்தான் எழுதினனாங்கள்."

குற்றம் யாருடையது என்று அன்று யாரும் தேடவில்லை. அதற்கு நேரம் இருக்கவில்லை. பின்னேரம் நாலு மணி வரைதான் பதிவார்கள்.

"சேர்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "சேர், கடிதத்தில ஒரு இடத்தை மட்டும் மாத்தினாப் போதும். பிறகு எல்லாக் கடிதமும் மாறும். ஆனா அவங்கட பேர் எங்களிட்ட இல்ல. அட்டையோட வரச் சொல்லணும்."

சேர் என்னைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் வேணும் பிள்ளை?"

"அவங்க வாற நேரம்தான்."

அக்கா அதற்குள் மாடியிறங்கிப் போய்விட்டார். ஒவ்வொரு லொட்ஜ் வாசலிலும் நின்று, அவருடைய தமிழில், "நோனாமார் எல்லாம் ஐடென்டிட்டி கார்டோட ஓடி வாங்க" என்று கூப்பிட்டாராம். சற்று நேரத்தில் எங்கள் மாடிப்படி நிறைந்தது.

கூச்சப்படுகிற ஒருத்திக்கு அதைவிடக் கஷ்டமான வேலை இல்லை. வருகிறவர் ஒவ்வொருவரிடமும் உரத்துக் கேட்க வேண்டும், மற்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

"பேர் என்ன அக்கா?"

அவர் கணவரின் பெயரோடு மிஸிஸ் சேர்த்துச் சொன்னார்.

"அது இல்ல. உங்கட பேர்."

"என்ர பேரோ?" அவர் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். "கேளுங்கோ, என்ர பேராம்."

"மறந்து போனாவாக்கும். அட்டையைப் பறிச்சுப் பாருங்கோ மிஸ்," என்று படியில் யாரோ சொல்ல, கீழ்ப்படி வரை சிரிப்பு இறங்கியது.

அட்டைகளைப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. பலருடைய அட்டைகள் பள்ளிக்கூடக் காலத்தில் எடுத்தவை. பெயருக்கு முன்னால் தகப்பனின் பெயர் இருந்தது. கணவரின் பெயர் எங்கும் இல்லை. அட்டவணையில் 'அடையாள அட்டையில் உள்ளவாறு' என்று ஒரு புது நிரல் போட்டு, அட்டைப் பெயர்களை அதில் அடித்தேன். ஒரு வயதான அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவரின்ர பேர் இல்லாமல் கடிதம் குடுத்தால், என்னை ஆர் எண்டு நினைப்பினம்?"

"நீங்கள் எண்டுதான் நினைப்பாங்க, அம்மா."

அவர் அதை யோசித்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்றவர், "ஆச்சி, யோசிக்கிறதை பஸ்ஸில யோசிக்கலாம், வவுனியாவுக்குப் போகேக்குள்ள," என்றார். அம்மா உடனே அட்டையை நீட்டினார்.

அந்தத் தாய் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். சேர் அவரை முன்னால் விடச் சொன்னார், படியில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவருடைய அட்டையிலும் தகப்பன் பெயர்தான். அதையும் அடித்துக்கொண்டேன். மகளுக்கு அட்டை இல்லை, அவள் பெயர் முன்பு இருந்தபடியே இருந்தது.

பிறகு நான் செய்தது மிகச் சிறிய வேலை. கடிதத்தில் 'திருமதி'யையும் அதன் பின் கணவர் பெயர் வரும் இடத்தையும் அழித்து, 'அடையாள அட்டையில் உள்ளவாறு' என்ற நிரலை அங்கே வைத்தேன். முதல் கடிதத்தை வாசித்தேன். கடைசிக் கடிதத்தை வாசித்தேன். பிரிண்டரைத் தொடக்கினேன். ஒன்றன்பின் ஒன்றாகத் தாள்கள் வந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. படியில் இருந்த சத்தம் மெல்ல அடங்கியது. தங்கள் தாளை வாங்கியவர்கள் அதை வாசித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் தன் பெயரை விரலால் மூடித் திறந்து பார்த்தார். எனக்குள் ஏதோ நிறைந்துகொண்டு வந்தது. அதைப் பெருமை என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

"நங்கி, நீயும் வா," என்றார் அக்கா. "ஏதாவது கேட்டா உனக்குத்தான் தெரியும்."

நான் பொலிஸ் நிலையத்துக்குள் அதுவரை போனதில்லை. சேர் முன்னால் நடக்க, அக்காவும் நானும் பெண்களும் பின்னால் போனோம். வரிசையில் முதலாவதாக அந்தத் தாயை நிறுத்தினோம். இன்ஸ்பெக்டர் கடிதத்தையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். தலையாட்டினார். "ஹரி," சரி என்று முத்திரையைக் கையில் எடுத்தார்.

பிறகு மகளின் கடிதத்தைப் பார்த்தார். முத்திரையைத் திரும்ப வைத்தார்.

"இது யாருடைய பிள்ளை?" என்று சிங்களத்தில் கேட்டார்.

தாய், "என்ர பிள்ளை" என்றார். அக்கா சிங்களத்தில் சொன்னார்.

"இரண்டு பேரின் பெயரும் வேறு வேறாக இருக்கிறதே. தாயும் மகளும் என்றால் ஒரு வாசகமப் பெயர் இருக்க வேண்டாமா? யாருடைய பிள்ளையையோ கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாளா?"

வாசகம என்பது சிங்களவர்களின் குடும்பப் பெயர். தகப்பனுக்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் பொதுவாக வருவது. அதுதான் அவருக்குத் தெரிந்த வழக்கம். எங்கள் கடிதத்தில் தாயின் பெயருக்கு முன்னால் அவருடைய தகப்பன் பெயர் இருந்தது. மகளின் பெயருக்கு முன்னால் அவளுடைய தகப்பன் பெயர் இருந்தது. இரண்டு பேரையும் இணைக்கும் எழுத்து அதில் ஒன்றுகூட இல்லை. மத்தியானம் நாங்கள் திருத்தியதே இப்போது எதிராக வந்து நின்றது.

அக்கா என்னைப் பார்த்தார். அவருக்கு இந்த வழக்கம் முழுதாகத் தெரியாது. சேர் ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். தாய்க்குச் சிங்களம் தெரியாது. ஆனால் முத்திரை கீழே போனதை அவர் கண்டிருந்தார். மகளைப் பிடித்திருந்த கை இறுகியது.

நான் பேசினேன். எப்படி வாய் வந்தது என்று இன்றும் தெரியவில்லை. கொட்டாஞ்சேனைத் தெருவில் பழகிய சிங்களம் அது. அலுவலகச் சிங்களம் இல்லை. மஹத்தயா, எங்கள் ஆட்களுக்கு வாசகமப் பெயர் கிடையாது என்றேன். பிள்ளை பிறந்தால் தகப்பனின் பெயரை முன்னால் வைப்போம். பெண் கலியாணம் முடித்தால் தகப்பன் பெயரை விட்டுக் கணவரின் பெயரை வைப்பாள். இந்த அம்மா அட்டை எடுத்தது கலியாணத்துக்கு முன்னம், அதனால் அதில் தகப்பன் பெயர். பிள்ளையின் பெயரில் இருப்பது பிள்ளையின் தகப்பன் பெயர். காலையில் நீங்கள் திருப்பி அனுப்பிய கடிதத்தில் இருந்த மஹத்தயாதான் அவர். அவர் ஒளிந்திருக்கவில்லை, கிளிநொச்சியில் மற்றப் பிள்ளைகளோடு இருக்கிறார். இரண்டு கடிதங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

இவ்வளவையும் நான் ஒரே மூச்சில் சொன்னேன். காலையில் திரும்பி வந்த கடிதத்தைச் சேர் கட்டுக்குள்ளிருந்து உருவி மேசையில் வைத்தார். தாய் பைக்குள் தேடி மகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதில் தாயின் பெயரும் தகப்பனின் பெயரும் இருந்தன. இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"அப்படியென்றால் இந்த அம்மா ஒரு வாழ்நாளில் இரண்டு பேருடைய பெயரைச் சுமக்கிறார்," என்றார் கடைசியில்.

"ஓவ், மஹத்தயா," ஆமாம் என்றேன்.

"கஷ்டமான வேலை." மகளின் கடிதத்தில் பேனாவால் தாயின் பெயரை எழுதி, பக்கத்தில் தாய் என்று சிங்களத்தில் குறித்தார். இரண்டு தாள்களிலும் முத்திரை குத்தினார். பிறகு கடிதக் கட்டைப் புரட்டிப் பார்த்து, இதை அடித்தது யார் என்று கேட்டார்.

"மே நங்கி," என்று அக்கா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"லஸ்ஸனய்," என்றார். அழகாக இருக்கிறது என்று. "இனி பிள்ளையின் கடிதத்தில் தாயின் பெயரையும் போடுங்கள்."

மற்றப் பெண்களின் கடிதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஒன்றும் திரும்பவில்லை. வெளியே வந்தபோது அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள்தான் பேசினாள்.

"மிஸ், நீங்கள் கதைப்பீங்களோ? நான் உங்களுக்குக் கதைக்கத் தெரியாது எண்டெல்லோ நினைச்சன்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன்," என்றார் சேர்.

அடுத்த நாள் காலை மழை பெய்தது. தாயும் மகளும் முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மகளை வார்ட்டில் சேர்த்துக்கொண்டார்கள். நான் வேலைக்குப் போய், பிள்ளைகளின் கடிதத்தில் தாயின் பெயருக்கு ஓர் இடம் வைத்தேன்.